மாடி வீட்டில் பிள்ளைகளோடு செடி வளர்க்க: மண்ணுக்கு முன்னால் வெயிலைப் பாருங்கள்

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கோலாலம்பூரில் ஒன்பதாவது மாடி வீடு, 6 வயதிலும் 3 வயதிலும் இரண்டு பிள்ளைகள். பச்சைப்பயறும் மிளகாயும் மூன்று தடவை போட்டும் நாற்று நூல் மாதிரி நீண்டு சாய்ந்து செத்துப்போகிறது. பிள்ளைகளுக்கும் அலுத்துவிட்டது. எந்த மண் வாங்கினால் சரியாகும்? நீங்கள் மண்ணைக் கேட்டாலும் இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன: நாற்று ஏன் சாகிறது, பிள்ளைகளின் ஆர்வம் ஏன் வடிகிறது. முதலாவதற்குக் காரணம் பெரும்பாலும் வெளிச்சம். இரண்டாவதற்கு மிளகாயைத் தேர்ந்தெடுத்ததே காரணம். பள்ளித் தோட்டங்களிலும் அடுக்குமாடி பால்கனிகளிலும் சிறுபிள்ளைகளை வைத்துச் செடி வளர்ப்பது என் நெடுநாள் வேலை. உங்கள் பால்கனியை நேரில் பார்க்காததால், எது உறுதி, எது ஊகம் என்று பிரித்தே எழுதுகிறேன்.

செத்த நாற்றின் அடித்தண்டைப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். தண்டு வெளுத்து, இலைக்கும் இலைக்கும் இடைவெளி அதிகமாகி, ஜன்னல் பக்கமாக வளைந்து விழுந்திருந்தால் வெளிச்சப் பற்றாக்குறை. இதில் சந்தேகமே இல்லை. மண்ணைத் தொடுகிற இடத்தில் தண்டு பழுப்பாகி, கிள்ளியது போல் சுருங்கி, ஒரே இரவில் படுத்துவிட்டால் அது நாற்றழுகல். ஈரம் விடாமல் தேங்கி நிற்கிற மண்ணில் பூஞ்சை தாக்கி வருவது. சமையலறை ஓரத்தில் வைத்து, இரண்டு பிள்ளைகளும் மாறி மாறித் தண்ணீர் ஊற்றுகிற வீட்டில் இரண்டும் சேர்ந்தே வரும். மண்ணை மாற்றினால் இரண்டாவது கொஞ்சம் குறையும். முதலாவதற்கு எந்த விலை மண்ணும் உதவாது.

வெளிச்சத்துக்கு வருவோம். கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 3 பாகையில் இருக்கிறது. ஆண்டு முழுவதும் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம்தான், ஆனால் சூரியன் நிற்கிற பக்கம் மாறிக்கொண்டே இருக்கும். மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே போகும், மற்ற மாதங்களில் தெற்கே நிற்கும். அதனால் தெற்குப் பார்த்த பால்கனிக்கு ஜூன் மாதத்தில் நேர் வெயிலே விழாது, டிசம்பரில் நன்றாக விழும். வடக்குப் பார்த்ததற்கு அப்படியே தலைகீழ். போன வருடம் நன்றாக வந்த செடி இந்த வருடம் வரவில்லை என்று சொல்கிற பலருக்கு, விதை போட்ட மாதம் மாறியிருப்பதுதான் காரணம். கிழக்குப் பார்த்த பால்கனிதான் பிள்ளைகளுக்கு எளிது. காலை 7.30 மணியிலிருந்து 11 மணி வரை வெயில் வரும், அவர்களும் வெளியே நிற்கலாம். மேற்கில் வெயில் கடுமை. அதோடு ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடிமழை மேகம் அதில் பாதியைத் தின்றுவிடும். வீடு வாங்கும்போது வாஸ்துவுக்காகப் பார்த்த திசையை இப்போது வெண்டைக்காகவும் ஒரு தடவை பாருங்கள்.

இன்னொரு தொல்லை, மேல்மாடித் தளம். நம் ஊரில் நண்பகல் சூரியன் டிசம்பரிலேயே 63 பாகைக்கு மேல் ஏறிவிடும். பால்கனியின் தரைக்கும் கூரைக்கும் 2.7 மீட்டர் உயரம் என்றால், டிசம்பர் நண்பகல் வெயில் தெற்கு பால்கனியில் விளிம்பிலிருந்து 1.3 மீட்டர் வரைதான் உள்ளே வரும். ஜூனில் வடக்கு பால்கனிக்கு 1 மீட்டர்தான். விளிம்பில் கட்டைச்சுவர் இருந்தால் அதன் நிழல் தரையில் விழுகிற பாதியையும் மறைத்துவிடும். கணக்கெல்லாம் வேண்டாம் என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூத்த பிள்ளையிடம் சுண்ணக்கட்டி கொடுங்கள். காலை 8 மணியிலிருந்து மாலை 5 மணி வரை மணிக்கு ஒரு தடவை, வெயில் எங்கே விழுகிறதோ அந்த ஓரத்தைத் தரையில் கோடு போட்டு மணியை எழுதட்டும். சாயங்காலம் எந்த இடத்துக்கு எத்தனை மணி நேரம் என்று எண்ணிவிடலாம். 6 மணி நேரம் கிடைக்கிற இடத்தில் வெண்டை, பயத்தங்காய், நிலக்கடலை, மிளகாய் வைக்கலாம். 3, 4 மணி நேரம் என்றால் கங்குங் (வள்ளைக்கீரை), தண்டுக்கீரை, வெந்தயக்கீரை, புதினா. அதற்கும் குறைந்தால் பாண்டான் (ரம்பை இலை), வெற்றிலை. அங்கே காய்க்கிற செடி எதையும் வைத்துப் பிள்ளைகளை ஏமாற்ற வேண்டாம்.

இங்கே ஒரு முரண்பாடு உண்டு, இதை லேசாக விட மாட்டேன். நல்ல வெயில் விழுகிற இடமும் பிள்ளைகளுக்கு ஆபத்தான இடமும் ஒன்றேதான்: கம்பி ஓரம். தொட்டி, முக்காலி, உரப்பை எதுவாக இருந்தாலும் 3 வயதுப் பிள்ளைக்கு அது ஏறுபடி. கூரை வரை கிரில் போட்டிருந்தால் கவலை இல்லை. இல்லையென்றால் ஏறி நிற்கக்கூடிய எதையும் கம்பிக்கருகில் வைக்காதீர்கள், கம்பிக்கு மேல் தொங்குதொட்டியும் வேண்டாம். விதை ஊறவைப்பது, மண் கலப்பது, அறுவடை செய்ததை ஆய்வது எல்லாம் கூடத்துக்குள்ளேயே பழைய பிளாஸ்டிக் விரிப்பின் மேல் நடக்கட்டும். பிள்ளைகள் பால்கனிக்கு உங்கள் துணை இல்லாமல் போகக்கூடாது, கதவுக்குத் தாழ்ப்பாள் மேலே இருக்க வேண்டும். கிரில் போட முடியாத வீட்டில் வெயில் வருகிற ஜன்னலோரக் கீரையோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. வெண்டைக்காய் கடையிலும் கிடைக்கும்.

இனி செடி. மிளகாய் முளைக்கவே 7 முதல் 10 நாள், முதல் காய்க்கு விதைத்ததிலிருந்து 80, 90 நாள். 3 வயதுக்கு அது ஒரு யுகம். செடி எவ்வளவு எளிது என்று பார்ப்பதைவிட, இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவையாவது கண்ணுக்குத் தெரிகிற மாற்றம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் பிள்ளைகளுக்கு எடுக்க வேண்டும். அதற்காக வேகம் வேறுபட்ட மூன்றை ஒரே நாளில் தொடங்குங்கள். இன்று ஊறவைத்து நாளையே வேர்விடுகிற பச்சைப்பயறு, ஒரு மாதத்தில் சட்டிக்குப் போகிற கங்குங், பொறுமையாகக் காத்திருக்க ஒரு வெண்டை அல்லது நிலக்கடலை. முதலாவது முடிகிறபோது இரண்டாவது எழுந்து நிற்கும்.

பச்சைப்பயறைக் கண்ணாடி ஜாடியின் உள்பக்கத்தில் ஈரமான டிஷ்யூவுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் செருகுங்கள். 8 மணி நேரம் ஊறிய பயறு என்றால் அடுத்த நாளே வேர் நீட்டும். இது பார்ப்பதற்கு மட்டும். சாப்பிட முளைகட்டுவதானால் தனியாக, நாளுக்கு இரண்டு தடவை அலசி, நன்றாக வேகவைத்துக் கொடுங்கள். வெதுவெதுப்பான ஈரத்தில் பயறு முளைக்கிற அதே வேகத்தில் கிருமியும் பெருகும் என்பதால் சிறுபிள்ளைகளுக்குப் பச்சை முளை வேண்டாம்.

கங்குங்தான் கோலாலம்பூர் பால்கனிக்கு என் முதல் தேர்வு. 60 செண்டிமீட்டர் நீளம், 20 அகலம், 15 ஆழம் உள்ள நீளத்தொட்டி போதும். விதை கடினம், ஓர் இரவு ஊறவேண்டும். 2 செண்டிமீட்டர் ஆழத்தில், விதைக்கு விதை 5 செண்டிமீட்டர் விட்டு ஊன்றினால் 3 முதல் 5 நாளில் முளைக்கும். பிள்ளை விரலின் முதல் கணு வரை மண்ணில் குத்தச் சொன்னால் ஆழம் ஏறக்குறைய சரியாக வந்துவிடும். 25, 30 நாளில் அடியில் இரண்டு கணு விட்டு வெட்டுங்கள். மறுபடி துளிர்க்கும், இரண்டு மூன்று தடவை வெட்டலாம். விதை வாங்கக்கூட வேண்டியதில்லை. பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய கங்குங்கில் அடித்தண்டு 12 செண்டிமீட்டரை வெட்டிப் பாட்டில் தண்ணீரில் நிறுத்தினால், கணுவிலிருந்து வெள்ளை வேர் சில நாளில் கிளம்பும். தண்ணீரை இரண்டு நாளைக்கு ஒரு முறை மாற்றி, வேர் விரல் நீளம் வந்ததும் மண்ணுக்கு மாற்றுங்கள். இலையின் அடியில் வெள்ளைக் கொப்புளம் தெரிந்தால் அது வெண்துரு. அந்த இலையைக் கிள்ளி எறிந்துவிட்டு, இனி இலையில் படாமல் வேரில் மட்டும் தண்ணீர் விடுங்கள்.

வெண்டைக்கு ஒரு செடிக்கு ஒரு தொட்டி, 15 லிட்டருக்குக் குறையாமல். மூன்று விதை ஊன்றி, நான்கு இலை வந்ததும் பலமானதை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் கத்தரிக்கோலால் நறுக்கிவிட வேண்டும். பிடுங்கினால் நிற்கிற செடியின் வேரும் அசையும். இந்த இடத்தில்தான் பிள்ளைகள் அழுவார்கள். முன்கூட்டியே சொல்லிவையுங்கள், அல்லது அந்த வேலையை நீங்களே செய்யுங்கள். 40, 45 நாளில் பூ வரும். காலையில் விரிந்து அன்றே வாடிவிடுவதால் பள்ளிக்குக் கிளம்பும் முன் காட்டிவிடுங்கள். பூத்த 4 முதல் 6 நாளில் காயைப் பறிக்க வேண்டும். விட்டால் நார் ஏறிவிடும், செடியும் அடுத்த காய் வைக்கச் சுணங்கும். காம்பு முடி சில பிள்ளைகளுக்கு அரிக்கும், அவர்களுக்கு முழுக்கைச் சட்டை.

நல்ல வெயில் இருந்தால் வெண்டையைவிட நிலக்கடலையைச் சிபாரிசு செய்வேன், காய்க்க 100 நாளுக்கு மேல் ஆனாலும். இடையில் அவ்வளவு வேடிக்கை அதில் இருக்கிறது. மளிகைக்கடையில் வறுக்காத, தோல் உரியாத கடலை வாங்கி, பத்தை ஈரத்துணியில் சுற்றிப் பாருங்கள். ஆறேழு முளைத்தால் அந்தச் சரக்கு நல்லது. 35 செண்டிமீட்டர் அகலத் தொட்டியில் இரண்டு, 3 செண்டிமீட்டர் ஆழத்தில். ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தால் இலைகள் கைகூப்பினாற்போல் மடிந்திருக்கும், காலையில் விரியும். ஒரு மாதத்தில் மஞ்சள் பூ. பூ உதிர்ந்த பிறகு அதே இடத்திலிருந்து ஊதா கலந்த ஊசி போன்ற காம்பு கீழ்நோக்கி இறங்கி மண்ணைக் குத்தும். அதன் நுனிதான் மண்ணுக்குள் கடலையாகப் பருக்கிறது. மேல்மண் இறுகியிருந்தால் அந்த ஊசி இறங்காது, அதனால் பூத்ததும் செடியைச் சுற்றி மண்ணை இளக்கி அணைத்துவிடுங்கள். முழுக்கடலை சிறுபிள்ளைகளுக்குத் தொண்டையில் அடைக்கும் என்பதால் சின்னவருக்கு அரைத்துத்தான் தர வேண்டும். வீட்டில் யாருக்காவது கடலை ஒவ்வாமை இருந்தால் இந்தச் செடியே வேண்டாம்.

மண்ணைக் கேட்டீர்கள், சொல்கிறேன். இரண்டு பங்கு தேங்காய்நார்த்தூள், ஒரு பங்கு மக்கிய உரம், ஒரு பங்கு உமிக்கரி. உமிக்கரி சுங்கை பூலோ நர்சரிகளில் மூட்டையாகவே கிடைக்கும். நார்த்தூளை வாளியில் ஊறவைத்து இரண்டு முறை தண்ணீரை வடித்துவிடுங்கள், அதில் உப்பு தங்கியிருக்கும். தரைத்தோட்டத்துக்கான செம்மண் கலவை மாடிக்குக் கனம், தொட்டியில் சீக்கிரம் இறுகியும் போகும். நார்த்தூளில் பெரிதாகச் சத்து கிடையாது. எனவே நான்கைந்து இலை வந்ததும் உரம் தொடங்க வேண்டும்: பச்சை நிறக் குருணையாக விற்கிற 15-15-15 உரம் (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ளது) அரைத் தேக்கரண்டியை 2 லிட்டர் தண்ணீரில் கரைத்து, நீளத்தொட்டிக்கு வாரம் ஒரு தடவை. உரத்தை நீங்கள்தான் கையாள வேண்டும். கோழி எரு வாங்கினால் பதப்படுத்திய குருணையாக வாங்குங்கள், ஈர எரு பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு ஆகாது. வயலிலிருந்தோ கால்வாய் ஓரத்திலிருந்தோ மண் அள்ளி வராதீர்கள். மெலியோய்டோசிஸ் என்ற நோயின் கிருமி நம் நாட்டு மண்ணிலும் சேற்றிலும் உண்டு, கையிலுள்ள காயம் வழியாக நுழையும். நீரிழிவு உள்ள தாத்தா பாட்டி உடன் சேர்ந்து செய்தால் அவர்களுக்குக் கையுறை கட்டாயம்.

தண்ணீர்தான் பிள்ளைகளுக்குப் பிடித்த வேலை, செடியைக் கொல்வதும் அதேதான். ஊற்றாதே என்று சொல்லிப் பயனில்லை, அளவைக் கட்டுங்கள். 500 மில்லி பாட்டில் மூடியில் நீங்கள் ஏழெட்டுத் துளை போட்டு, ஆளுக்கு ஒன்று கொடுத்துவிடுங்கள். காலியானால் அன்றைய பாசனம் முடிந்தது. ஊற்றும் முன் விரலை மண்ணில் விட்டுப் பார்க்க வேண்டும், ஈரம் ஒட்டினால் அன்று பாட்டில் கிடையாது. காய்க்கிற வெண்டை நல்ல வெயிலில் நாளுக்கு ஒரு லிட்டர் வரை குடிக்கும், முளைத்த நாற்றுக்கு இரண்டு கரண்டி போதும். மண்மேல் கொசு மாதிரிச் சின்னக் கறுப்புப் பூச்சி பறந்தால் தண்ணீர் அதிகம் என்று அர்த்தம்.

தொட்டிக்கு அடியில் தட்டு வைப்பதை நான் ஆதரிப்பதில்லை. ஏடிஸ் கொசு தேங்கிய சுத்தமான தண்ணீரில் முட்டையிட்டு, ஏழிலிருந்து பத்து நாளில் கொசுவாகப் பறந்துவிடும். தண்ணீர் இருக்கிற தட்டு அதிகாரிகள் கண்ணில் பட்டால் அபராதமும் வரும். கீழ்வீட்டில் சொட்டுகிறது என்பதற்காகத் தட்டு வைத்தே ஆகவேண்டுமானால் அதை மணலால் நிரப்புங்கள். வெறும் தட்டாக இருந்தால் வாரம் ஒரு முறை கொட்டினால் மட்டும் போதாது, ஓரத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்தே கிடந்து, நனைந்ததும் பொரிக்கும்.

பூச்சிக்கு, பாத்திரம் கழுவுகிற சோப்புத்திரவம் 5 மில்லியை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து சாயங்காலம் இலையின் அடிப்புறத்தில் தெளித்தால் அசுவினிக்கும் மாவுப்பூச்சிக்கும் போதும். மாவுப்பூச்சி இருக்கிற இடத்துக்கு எறும்பு வரும், எறும்பு வரிசையைப் பின்பற்றிப் போய்ப் பூச்சியைக் கண்டுபிடிப்பது 6 வயதுக்கு ஏற்ற வேலை. தரைவீட்டுக்குப் போனால் பெரிய நத்தையை வெறுங்கையால் தொடவிடாதீர்கள், மூளைக்காய்ச்சல் தரும் புழு அதில் இருக்கக்கூடும். விதைப் பொட்டலத்தில் விதை ரோஸ் அல்லது நீல நிறத்தில் இருந்தால் மருந்து பூசியது, அதைப் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம். பால்கனியில் அழகுக்கு வைத்திருக்கிற அரளி, அடீனியம், அலமண்டா எல்லாமே நச்சு. பூசையறையில் பிள்ளையார் கண்ணுக்கென்று எடுத்துவைத்த குன்றிமணியும் அப்படியே, கடித்து விழுங்கினால் உயிராபத்து. விதை விதைக்கப் பழகிய பிள்ளை எந்த விதையையும் கையில் எடுக்கும் என்பதால் அவற்றை முதலில் அப்புறப்படுத்துங்கள்.

வேலைப் பங்கீட்டில் நான் கறார். சின்னவருக்குப் பத்து நிமிடம், அதற்கு மேல் இழுக்காதீர்கள். மூத்தவருக்கு ஒரு தொட்டி முழுக்க அவர் பொறுப்பு, பெயர் எழுதி ஒட்டுங்கள். ஞாயிறுதோறும் செடியின் உயரத்துக்குக் காகிதக் கீற்று ஒன்று வெட்டி, தேதி போட்டுச் சுவரில் வரிசையாக ஒட்டச் சொல்லுங்கள். வளர்ச்சி நின்றுபோன வாரம் கீற்றிலேயே தெரியும், ஏன் என்று அவரே கேட்பார். செடி செத்தால் ராத்திரியோடு ராத்திரியாக நர்சரிச் செடியை மாற்றி வைக்கிற பெற்றோர் உண்டு. செய்யாதீர்கள். வேரோடு பிடுங்கி, வேர் வெள்ளையா பழுப்பா, மண் ஈரமா காய்ந்ததா என்று சேர்ந்து பாருங்கள். பழுப்பாகி நாறினால் தண்ணீர் கூடியது, மொறுமொறுத்தால் குறைந்தது.

உறுதியாகச் சொல்ல முடியாதவையும் உண்டு. தானே வளர்த்த கீரையைப் பிள்ளை சாப்பிடும் என்பார்கள். சுவைத்துப் பார்க்கத் துணிவார்கள், அதற்கு மேல் வாக்குக் கொடுக்க முடியாது. தக்காளி நம் சமவெளிச் சூட்டில் காய்த்தாலும் காய்க்கும், வாடல்நோயில் ஒரே வாரத்தில் படுத்தாலும் படுக்கும். பிள்ளைகளின் முதல் செடியாக வேண்டாம். கேரட், ஸ்ட்ராபெரி கேமரன்மலைக் குளிருக்கானவை. முட்டை ஓட்டை நொறுக்கிப் போடுவது தீங்கில்லை, ஆனால் ஒரு மாதக் கீரைக்கு அதனால் பயனும் இல்லை, அது கரைய அதைவிட நாளாகும்.

தீபாவளிக்கோ பள்ளி விடுமுறைக்கோ ஒரு வாரம் ஊருக்குப் போனால், தொட்டிகளை வெயில் குறைந்த சுவரோரம் ஒன்றாக நெருக்கி வையுங்கள். மூடியில் துளையிட்ட 1.5 லிட்டர் பாட்டில், அதன் வழியே நுழைத்த பருத்தித்துணிக் கீற்று, கீற்றின் மறுமுனை மண்ணுக்குள் 5 செண்டிமீட்டர் ஆழத்தில்: கீரைத்தொட்டி ஒன்று நாலைந்து நாள் தாங்கும், அதற்கு மேலென்றால் இரண்டு பாட்டில். பாட்டில் வாய் துணியால் இறுக்கமாக அடைபட்டிருக்க வேண்டும், கொசு நுழையாது. தட்டுகளைக் காலி செய்து கவிழ்த்துவிட்டுக் கிளம்புங்கள்.